பேட்ச் சர்வரை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி இரவு பத்தரை மணிக்கோ பதினொன்றரைக்கோ, மைக்ரோசாஃப்ட் தன் மென்பொருள்களில் தெரியவந்த ஓட்டைகளை அடைக்கும் பேட்ச்களை வெளியிடுகிறது. 2003 அக்டோபரில் தொடங்கிய வழக்கம் இது. மறுநாள் காலையில் நாம் அலுவலகத்தைத் திறப்பதற்குள், தாக்க நினைப்பவர்கள் அந்தப் பேட்சைப் பிரித்து, எங்கே எதை மாற்றியிருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கியிருப்பார்கள். ஓட்டை எங்கே இருந்தது என்பதை அடைப்பே காட்டிக்கொடுத்துவிடும். அந்த இரவிலிருந்து உங்கள் கடைசிக் கணினியில் பேட்ச் ஏறும் நாள் வரைக்கும்தான் ஆபத்து.

2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வானாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, அதற்கான பேட்ச் வெளிவந்து 59 நாள் ஆகியிருந்தது. அதைப் போடாத கணினிகளால் இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் ஏறத்தாழ 19,000 நோயாளிகளின் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள். மருந்து கையில் இருந்தது, கொடுக்கத்தான் ஆளில்லை.

இருநூறு கணினி உள்ள ஒரு கல்லூரியில் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்து பேட்ச் போட முடியாது. அதற்காகத்தான் பேட்ச் மேலாண்மை மென்பொருள். ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் என்ற சிறிய நிரல் இருக்கும். எந்தப் பேட்ச் இருக்கிறது, எது இல்லை என்று அது தலைமை சர்வருக்குச் சொல்லும், சர்வர் சொல்வதைச் செய்யும். அந்தச் சர்வர் உங்கள் கட்டடத்திலேயே இருக்கலாம், அல்லது விற்பனை நிறுவனத்தின் கிளவுடில் இருக்கலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் இரண்டு விதமாகவும் விற்கிறது. எது நல்லது என்று கேட்டால், பெரும்பாலும் பேச்சு செலவிலும் இணைய வேகத்திலும் போய் நிற்கிறது.

இணைய வேகக் கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரு பேட்ச் 500 எம்பி என்றால் 200 கணினிக்கு 100 ஜிபி. 50 எம்பிபிஎஸ் இணைப்பை முழுதாக அதற்கே விட்டாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சொந்தச் சர்வர் என்றால் ஒருமுறை இறக்கினால் போதும். ஆனால் இப்போது விண்டோஸ் கணினிகள் ஒன்றிடமிருந்து மற்றொன்று பேட்சை வாங்கிக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. மறுபக்கம், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் லேப்டாப், அலுவலக நெட்வொர்க்கோடு வெளியிலிருந்து பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன்னில் நுழையும்வரை அலுவலகச் சர்வருக்கு அப்படியொரு கணினி இருப்பதே தெரியாது. கிளவுடுக்கு அந்தச் சிக்கல் கிடையாது.

எனக்கு இவற்றையெல்லாம்விடக் கவலை தருவது வேறொன்று. பேட்ச் போடும் சர்வரும் ஒரு மென்பொருள்தானே? அதிலும் ஓட்டை வருமே? அதற்கு யார் பேட்ச் போடுகிறார்கள்?

2021 ஜூலை 2, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவில் சுதந்திர தின விடுமுறை தொடங்கும் நேரம். கசேயா என்ற நிறுவனத்தின் விஎஸ்ஏ என்ற மேலாண்மை மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாக ரெவில் என்ற பணம் பறிக்கும் கும்பல் நுழைந்தது. நுழைந்த இடமெல்லாம் வாடிக்கையாளர்கள் தங்கள் இடத்தில் வைத்து நடத்திய சர்வர்கள். அப்டேட் என்ற பெயரிலேயே, எல்லாக் கணினிக்கும் ஒரே நேரத்தில், கோப்புகளைப் பூட்டும் நிரல் போனது. 1,500 நிறுவனங்கள் வரை பாதிப்பு. ஸ்வீடனில் கூப் என்ற அங்காடித் தொடரின் கல்லாக்கள் வேலை செய்யாததால் சுமார் 800 கடைகளைப் பூட்டினார்கள். நெதர்லாந்துத் தன்னார்வ ஆய்வாளர்கள் ஏப்ரலிலேயே அந்த ஓட்டைகளைக் கசேயாவிடம் சொல்லியிருந்தார்கள் என்பதுதான் வேதனை. கிளவுட் சர்வர்களையும் முன்னெச்சரிக்கையாக நிறுத்தினார்கள், ஆனால் அவை தாக்கப்படவில்லை.

2025 அக்டோபரில் டபிள்யூசஸின் (WSUS) முறை வந்தது. சொந்தச் சர்வரிலிருந்து விண்டோஸ் பேட்ச்களை விநியோகிக்க உலகெங்கும் பல்லாண்டுகளாகப் பயன்படும் மைக்ரோசாஃப்டின் மென்பொருள் அது. அதிலேயே 10க்கு 9.8 தீவிரம் கொண்ட ஓட்டை. அந்த மாத வழக்கமான பேட்ச் அதை முழுதாக அடைக்கவில்லை, 23ஆம் தேதி அவசரப் பேட்ச் வந்தது. அந்த நாளையொட்டியே தாக்குதலும் தொடங்கிவிட்டது. இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த சர்வர்கள்தான் முதலில் மாட்டின.

கிளவுடில் இந்த வேலை விற்பவருடையது. நீங்கள் தூங்கும்போது அவருடைய ஆள் விழித்திருக்கிறார். பல இடங்களில் நெட்வொர்க், பிரிண்டர், சிசிடிவி, புரொஜக்டர் என எல்லாவற்றுக்கும் ஒரே சிஸ்டம் அட்மின். பேட்ச் சர்வருக்கான அவசர அறிவிப்பை நள்ளிரவில் படித்து அப்போதே செயல்பட அவரால் முடியாது, அதை எதிர்பார்ப்பதும் அநியாயம். அப்படிப்பட்ட இடங்களுக்குக் கிளவுட்தான் சரி என்று நான் தயங்காமல் சொல்வேன்.

அதற்கும் விலை உண்டு. 2024 ஜூலை 19, நம் நேரப்படி காலை 9.39. கிரவுட்ஸ்ட்ரைக் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு பிழையான கோப்பைக் கிளவுடிலிருந்து அனுப்பியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும், 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். புதிய பதிப்பு வந்ததும் எங்களுக்கு வேண்டாம், ஒரு படி பின்தங்கியே வரட்டும் என்று அமைத்து வைத்திருந்தவர்களுக்கும் அந்தக் கோப்பு போனது, ஏனென்றால் அந்த வகைக் கோப்புக்கு அந்த அமைப்பு பொருந்தவில்லை. ஆகவே கிளவுட் சேவை வாங்கும்போது, எதையெல்லாம் நான் தள்ளிப்போட முடியும், எதை முடியாது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வெளி இணைப்பே இல்லாத நெட்வொர்க்குகளும் இருக்கின்றன: ஆலையின் கட்டுப்பாட்டு அறை, சில ஆய்வகங்கள். அங்கே சொந்தச் சர்வர்தான் வழி. பேட்சைச் சோதித்து வட்டில் எடுத்துப் போய் ஏற்ற வேண்டும். அந்தச் சர்வருக்குப் பொறுப்பானவர் ஒருவர் இருக்க வேண்டும், அவர் விடுப்பில் போனால் இன்னொருவர்.

எந்த வழியானாலும் பேட்சை எல்லாக் கணினிக்கும் ஒரே நாளில் அனுப்பாதீர்கள். முதல் நாள் பத்துக் கணினி போதும். ஆனால் அந்தப் பத்தில் டாலி ஓடும் கணக்குப் பிரிவுக் கணினி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் செருகும் கணினி, பிரிண்டரைப் பகிரும் கணினி மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். 2021 செப்டம்பர் பேட்சுக்குப் பிறகு பல அலுவலகங்களில் நெட்வொர்க் பிரிண்டர் நின்றது. அச்சு வேண்டுமே என்று பேட்சையே நீக்கினார்கள். சில இடங்களில் நீக்கியது நீக்கியபடியே இருந்துவிட்டது.

பேட்ச் சர்வரின் நிர்வாகக் கணக்கு இன்னொன்று. அந்தத் திரைக்குள் நுழைபவர் எல்லாக் கணினியிலும் எதையும் இயக்கலாம். கடவுச்சொல்லோடு இரண்டாவது சரிபார்ப்பு இல்லாமல் அதை ஒரு நாள்கூட விடாதீர்கள்.

திரையில் 98 சதவீதம் பச்சை என்று காட்டினால் கல்லூரி முதல்வரும் மேலாளரும் நிம்மதி அடைகிறார்கள். ஏஜென்ட் பேசும் கணினிகளை மட்டுமே அந்தக் கணக்கு எண்ணுகிறது. முப்பது நாளாகத் தொடர்புக்கு வராத கணினிகளின் பட்டியலைக் கேளுங்கள். கொள்முதல் பதிவேட்டில் இருந்து, இந்தத் திரையில் இல்லாத கணினிகளையும் கேளுங்கள். இந்த வாரமே கேட்கலாம், அதற்குப் புதிய மென்பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

நன்றி, வணக்கம்.