எக்ஸிமா உள்ள குழந்தைக்குத் திடீர்க் கொப்புளமா? அம்மை என்று விட்டுவிடாதீர்கள்

[காட்சி: முழங்கை மடிப்பு, மிக அருகில்]

இந்த மடிப்பைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். எக்ஸிமா உள்ள குழந்தை இது. கரப்பான் என்றும் சொல்வோம். வறட்சி, சொறிந்த தடம் எல்லாம் இந்த வீட்டுக்குப் பழகிப்போனவை. நேற்று இல்லாதது இந்த நீர்க்கொப்புளங்கள்தான். எல்லாமே ஒரே அளவு, குண்டூசித் தலை போல. உடைந்த இடத்தில் துளைக்கருவியால் குத்தி எடுத்ததுபோல வட்டமான புண். அரிப்போடு வலியும் சேர்ந்துகொண்டது. உடம்பு வேறு கொதிக்கிறது.

"அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலை செருகி, குழந்தையைப் படுக்க வைத்துவிடுகிற வீடுகள் நம்மிடம் நிறைய. எனக்குப் பயமே அங்கேதான். இது எக்ஸிமா ஹெர்பெட்டிகமாக இருக்கலாம். வியன்னாவின் தோல் மருத்துவர் கப்போசி 1887-இலேயே விவரித்த நோய்.

[காட்சி: உதட்டோரக் கொப்புளம்]

காரணம், பெரியவர்களுக்கு உதட்டோரம் கொத்தாகக் கிளம்புமே, அதே ஹெர்பீஸ் சிம்ப்ளக்ஸ் வைரஸ். மாமாவுக்கு அது ஒன்றிரண்டு வாரத்தில் ஆறிவிடும். அந்த உதட்டால் குழந்தைக்கு ஒரு முத்தம் கொடுத்தால் கதையே வேறு. எக்ஸிமா உள்ள பலருக்குத் தோலை இறுக்கமாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் புரதம் பிறவியிலேயே குறைவு. கிருமியை அங்கேயே மடக்கும் எதிர்ப்பும் அந்தத் தோலில் பலவீனம். அதனால் வைரஸ் ஓரிடத்தில் நிற்காமல் பரவுகிறது.

சரி, மருந்து இருக்கிறதா? இருக்கிறது, அசைக்ளோவிர். பார்த்தவுடன் சந்தேகம் வலுவாக இருந்தால் பரிசோதனை முடிவுக்குக்கூட மருத்துவர்கள் காத்திருப்பதில்லை. கைக்குழந்தை என்றாலோ, நோய் கடுமை என்றாலோ நரம்பு வழியாக ஏற்றுவார்கள். கண்ணைச் சுற்றிக் கொப்புளம் வந்தால் கண் மருத்துவரையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். கருவிழியில் தழும்பு விழுந்தால் பார்வையே மங்கிவிடும்.

எல்லாக் கொப்புளமும் இதுவல்ல. கை, கால், வாய்ப் புண் நோயைத் தரும் காக்ஸாக்கி வைரஸும் எக்ஸிமா இருக்கும் இடமாகப் பார்த்துக் கிளம்பும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆனால் எது எது என்று வீட்டில் உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டாம்.

அப்புறம், ஸ்டீராய்டு களிம்புக்குப் பயந்து எக்ஸிமா சிகிச்சையை நாமாக நிறுத்துவது தவறு. கட்டுக்குள் இல்லாத எக்ஸிமாவில்தான் இந்தத் தொற்றுக்கு வாய்ப்பு அதிகம். கொப்புளத்தின் மேல் களிம்பு போடலாமா என்பதை மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள். உதட்டுப் புண் உள்ளவர் ஆறும்வரை முத்தம் தரக் கூடாது, துண்டைப் பகிரவும் கூடாது.

[காட்சி: மருத்துவமனைச் சீட்டு வரிசை]

உள்ளே போனதும் மூன்றையும் சொல்லிவிடுங்கள்: "குழந்தைக்கு எக்ஸிமா இருக்கு. கொப்புளம் நேத்துதான் வந்தது. வீட்டில் ஒருத்தருக்கு உதட்டில் புண் இருந்தது."