திரும்பும் வேகனில் என்ன ஏற்றுவீர்கள்?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் என்னை அறிமுகப்படுத்தும்போது சர்வதேச விவகாரங்களில் கரைகண்டவர் என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பெரிய மனது. நான் முப்பது வருஷம் கூட்ஸ் ஷெட்டில் வேகன் கணக்கு எழுதினவன். ஆப்பிரிக்காவில் காலே வைத்ததில்லை. ஆனாலும் ஒரு ரயில் பாதை பிழைக்குமா என்று பார்க்க எனக்கு ஒரே கேள்வி போதும். போகிற வண்டி நிறைந்து போகிறதா என்று எல்லாரும் கேட்பார்கள். திரும்புகிற வண்டியில் என்ன ஏற்றுவீர்கள் என்பதுதான் எங்கள் தொழிலின் கேள்வி. சீனா ஆப்பிரிக்காவை விழுங்குகிறதா, வாழவைக்கிறதா என்று டி.வி.யில் கட்சி பிரிந்து கத்துகிறார்களே, அதில் நான் சேரப்போவதில்லை. சீனர்கள் போட்ட பாதைகளின் சரக்குக் கணக்கை மட்டும் உங்கள் முன்னால் விரிக்கிறேன்.

முதல் பாதை தான்சானியாவின் டார் எஸ் சலாம் துறைமுகத்திலிருந்து சாம்பியாவின் கபிரி ம்போஷி வரைக்கும். 1,860 கிலோமீட்டர். டாசாரா என்று பெயர். உஹுரு ரயில் என்றும் சொல்வார்கள். சுவாஹிலியில் உஹுரு என்றால் விடுதலை. சாம்பியாவிடம் தாமிரம் உண்டு, கடற்கரை கிடையாது. தாமிரம் கடலுக்குப் போவதற்கு இருந்த முக்கிய ரயில் வழி தெற்கே ரொடீசியா, அதாவது இன்றைய ஜிம்பாப்வே, வழியாகத்தான். 1965 நவம்பரில் அங்கே வெள்ளைச் சிறுபான்மை அரசு தன்னிச்சையாகச் சுதந்திரம் அறிவித்துக்கொண்டது. நம் வீட்டுக்கு வழி, சண்டைக்காரன் வீட்டு முற்றத்தில் இருந்தால் எப்படி? அதிபர் கென்னத் கவுண்டாவின் நிலைமை அதுதான்.

அவரும் தான்சானியாவின் ஜூலியஸ் நியரேரேவும் கிழக்கே வழி தேடினார்கள். உலக வங்கி கட்டுப்படியாகாது என்றது. மேற்கு நாடுகள் கைவிரித்தன. சீனா சரி என்றது. 1967இல் பெய்ஜிங்கில் கையெழுத்தானபோது சீனாவே ஏழை நாடு. கலாச்சாரப் புரட்சியில் கொந்தளித்துக்கொண்டிருந்த நாடு. வட்டியில்லாக் கடன், 98.8 கோடி யுவான். 1970இல் தொடங்கி 1975இல் தண்டவாளம் முடிந்தது. ம்லிம்பாவிலிருந்து மகம்பாகோ ஏறும் மலைப் பகுதிதான் கொடுமை. மொத்தப் பாதையில் 22 சுரங்கங்கள் என்றால், 18 இந்தத் துண்டில் மட்டும். வேலையில் செத்த சீனர்கள் அறுபதுக்கும் மேல். டார் எஸ் சலாம் புறநகரில் அவர்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது.

கடன் யுவானில். உள்ளூர்க் கூலியாளுக்குக் கொடுக்க ஷில்லிங் வேண்டும். யுவான் நோட்டை டார் எஸ் சலாம் சந்தையில் யார் வாங்குவார்? அதற்கு அவர்கள் கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். சீனா கப்பலில் சாமான்களை அனுப்பியது. அவை அங்கே கடைகளில் விற்றன. விற்ற காசில் கூலியும் உள்ளூர்ச் செலவும் நடந்தன. ரயிலுக்கு முன்பே சீனச் சரக்கு ஊர்க் கடைக்குள் நுழைந்துவிட்டது.

தர்மத்துக்குச் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1971 அக்டோபரில் ஐ.நா.வில் தைவானை நீக்கிப் பெய்ஜிங்குக்கு இடம் கொடுத்த ஓட்டெடுப்பில், ஆதரவாக விழுந்த 76 ஓட்டுகளில் 26 ஆப்பிரிக்க நாடுகளுடையவை.

பாதை கிடைத்தது. ஓட்டுவதில் கோட்டைவிட்டார்கள். ஆண்டுக்கு 20 லட்சம் டன் சுமக்கலாம் என்று போட்ட பாதை, ஒரு வருஷமும் அந்த அளவை எட்டியதில்லை. எஞ்சின் பழுது, வேகன் தட்டுப்பாடு, துறைமுக நெரிசல். 1978இல் உரம் வந்து சேராமல், விதைப்பு தவறிவிடும் என்று கவுண்டா அதுவரை மூடிக்கிடந்த அதே ரொடீசியப் பாதையைத் திறக்க வேண்டியதாயிற்று. இன்னொரு வேடிக்கை: சாம்பிய ரயிலோடு ஒத்துப்போகட்டும் என்று 1,067 மில்லிமீட்டர் அகலத்தில் போட்டார்கள். தான்சானியாவின் பழைய பாதையோ நம்ம ஊர் மீட்டர் கேஜ், 1,000. நாலு விரற்கடை வித்தியாசம். சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். மதுரைப் பக்கம் மீட்டர் கேஜ், பிராட் கேஜ் இரண்டும் இருந்த காலத்தில் மூட்டை மாற்றியவர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கு நான் விளக்க வேண்டாம்.

இரண்டாவது பாதை கென்யாவில். மொம்பாசாவிலிருந்து நைரோபி, சுமார் 470 கிலோமீட்டர். 2017 மே 31 அன்று திறந்தார்கள். அதே வழியில் ஏற்கெனவே ஒரு மீட்டர் கேஜ் உண்டு. 1896இல் ஆரம்பித்து ஆங்கிலேயர் போட்டது. போட்ட கைகள் பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து கூலி ஒப்பந்தத்தில் கப்பலேற்றியவர்களுடையவை. சாவோவில் சிங்கம் தின்றது அவர்களைத்தான். இப்போது அதே சாவோ காட்டில் புதுப் பாதை உயர்ந்த கரைமேல் போகிறது. யானை கடக்க அடியில் வாசல் விட்டிருக்கிறார்கள்.

யானைக்கு வழி யோசித்தவர்கள் கன்டெய்னருக்கு யோசித்தார்களா? இந்தப் பாதை போடலாமா என்று ஆய்வு செய்தது ஒரு சீனக் கட்டுமான நிறுவனம், தன் சொந்தச் செலவில். பாதை போடும் வேலையும் பிறகு அதற்கே, போட்டி டெண்டர் இல்லாமல். தரகனே பெண்ணுக்குச் சித்தப்பா என்றால் ஜாதகம் பொருந்தாமலா போகும்? பழைய பாதையைச் செப்பனிட்டால் இதைவிட மிகக் குறைந்த செலவில் முடியும் என்று 2013இலேயே உலக வங்கி எழுதியது. 2020 ஜூனில் கென்யாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தக் கொள்முதல் சட்டப்படி நடக்கவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குள் ரயில் ஓடி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

2014இல் சீனாவின் எக்ஸிம் வங்கி கொடுத்த கடன் சுமார் 320 கோடி டாலர். பாதிக்கு 2 சதவீத வட்டி. மறுபாதி வணிகக் கடன். லிபார் என்ற சர்வதேச வங்கி வட்டிக்கு மேல் 3.6 சதவீதம். டாசாராவின் வட்டியில்லாக் காலம் மலையேறிவிட்டது. இதற்காகவே 2013இலிருந்து இறக்குமதிப் பொருள்மேல் 1.5 சதவீத ரயில் வரி போட்டார்கள். ரயிலைக் கண்ணால் பார்க்காதவனும் பிளாஸ்டிக் வாளி வாங்கும்போது அதற்குக் கட்டினான்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். மொம்பாசாவில் கப்பல் இறக்குகிற கன்டெய்னரில் துணி, இயந்திரம், உதிரிபாகம் எல்லாம் நைரோபிக்கு ஏறிப் போகின்றன. அங்கிருந்து கீழே வர தேயிலையும் காப்பியும் உண்டு. ஆனால் வந்ததற்கு ஈடாக இல்லை. பாதிக்கு மேல் காலிப் பெட்டியாகத் திரும்பும் வண்டிக்கும் டீசல் செலவு, டிரைவர் சம்பளம் ஒன்றுதான். சரக்கு சேரட்டும் என்று அரசு, மொம்பாசாவில் இறங்குவது ரயிலில்தான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டது. வியாபாரி கணக்குப் போட்டான்: ரயில் வாடகை, நைரோபி டிப்போவில் இறக்குகூலி, அங்கிருந்து தன் குடோனுக்கு மறுபடி லாரி. முன்பெல்லாம் ஒரே லாரி துறைமுகத்தில் ஏற்றி வாசலில் இறக்கும். மொம்பாசாவில் லாரிக்காரர்கள் தெருவுக்கு வந்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி நின்றால் சோறு விற்கும் மரியாகானி, ம்டிட்டோ அண்டெய் மாதிரி ஊர்களுக்கு வியாபாரம் படுத்தது.

இந்தப் பாதை உகாண்டா எல்லை வரை போயிருந்தால் சரக்கு கூடியிருக்கலாம். 2019இல் நைவாஷா வரை வந்தது. அடுத்த துண்டுக்கு அப்போது சீனா பணம் தரவில்லை. 2016இல் ஆப்பிரிக்காவுக்கு 2,800 கோடி டாலருக்கு மேல் கடன் கொடுத்த சீனா, 2022இல் கொடுத்தது 100 கோடி அளவுக்குத்தான். சீனா கடனை அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது என்ற கதைக்கு இந்த எண் ஒத்துவரவில்லை. நைவாஷாவில் கன்டெய்னரை எங்கே மாற்றினார்கள் தெரியுமா? அந்தப் பழைய மீட்டர் கேஜில். தூசி தட்டி எடுத்தார்கள்.

அம்பாந்தோட்டை மாதிரி மொம்பாசாவும் போய்விடுமா என்று இங்கே ஒருவர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். சீனக் கடனில் இலங்கை கட்டிய அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் ஒரு சீன நிறுவனத்துக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள், சுமார் 112 கோடி டாலருக்கு. அந்தக் காசில் துறைமுகக் கடன் ரத்தாகவில்லை. இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போயிற்று. கடன் அப்படியே இருந்தது. பறிமுதல் என்ற கதையைவிட இது மோசம் என்பேன். மொம்பாசாத் துறைமுகம் அடமானம் என்ற பேச்சு 2018இல் கிளம்பியது. ஒப்பந்தத்தைப் படித்த ஆய்வாளர்கள் அப்படி இல்லை என்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சு நாலு வருஷம் ஊரெல்லாம் சுற்றியதற்குக் காரணம், கடன் தாளில் ரகசியம் காக்கும் ஷரத்து இருந்ததுதான். ஆட்சி மாறி 2022 நவம்பரில்தான் கென்ய மக்கள் அந்தக் கடன் ஒப்பந்தங்களைக் கண்ணால் கண்டார்கள். தகராறு வந்தால் பஞ்சாயத்து பெய்ஜிங்கில் என்று அதில் இருந்தது. 2025 அக்டோபரில் கென்யா அந்த டாலர் கடன்களை யுவானுக்கு மாற்றிக்கொண்டது, வருஷத்துக்கு 21.5 கோடி டாலர் மிச்சம் என்று அவர்கள் நிதியமைச்சகம் சொல்கிறது. கேட்டால் கிடைக்கிறது, பாருங்கள்.

டாசாராவுக்குத் திரும்புகிறேன். 2025 செப்டம்பரில் ஒரு சீன அரசு நிறுவனத்துக்கு முப்பது வருஷத்துக்கு அதை நடத்தக் கொடுத்தார்கள். 140 கோடி டாலர் போட்டுப் புதுப்பிப்பதாக ஏற்பாடு. இந்த அவசரம் ஏன்? மேற்கே அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்திலிருந்து காங்கோ எல்லைக்கு ஒரு பாதை ஓட ஆரம்பித்துவிட்டது. அதற்கு அமெரிக்கா ஆதரவு. 2024 டிசம்பரில் ஜோ பைடனே லோபிட்டோவுக்குப் போய் நின்றார். அந்தப் பாதையை உள்நாட்டுப் போருக்குப் பிறகு புதுப்பித்துக் கொடுத்தவர்கள் யார்? சீனர்கள்தான். அமெரிக்காக்காரர் நின்று படம் எடுத்துக்கொண்ட தண்டவாளம் சீனா போட்டது.

லோபிட்டோ கணக்கில் என் கண் போனது வேறு இடத்துக்கு. உள்ளேயிருந்து தாமிரம் வருகிறது. அந்தத் தாமிரத்தைப் பாறையிலிருந்து பிரிக்க அமிலம் வேண்டும். அமிலத்துக்குக் கந்தகம் வேண்டும். துறைமுகத்திலிருந்து மேலே போகிற வேகன் கந்தகத்தோடு போகிறது, தாமிரத்தோடு திரும்புகிறது. கூட்ஸ் ஷெட்டில் இருந்தவனுக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது. 1965இல் பெரும்பாலும் ஒரே வாசலை நம்பி நின்ற தாமிர நாட்டுக்காரன், இப்போது கிழக்கு ரேட்டையும் மேற்கு ரேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து டன்னுக்கு எவ்வளவு குறைப்பாய் என்று இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.