அந்துப்பூச்சியை எண்ணும் பொறிகள்

நேயர்களுக்கு வணக்கம். காட்டு மரங்களை மொட்டையடிக்கும் அந்துப்பூச்சிப் புழுக்களைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். மலைச்சரிவே பழுப்பேறிப்போய் நிற்கும்போதுதான் இந்தப் புழு நம் கண்ணில் படும். அப்போது செய்வதற்கு அதிகம் மிஞ்சியிருக்காது. பூச்சி அரிதாக இருக்கும் ஆண்டுகளிலேயே அதன் பெருக்கத்தை மோப்பம் பிடிக்க நமக்கு உதவுவது இனக்கவர்ச்சிப் பொறி.

பெண் அந்துப்பூச்சி ஒரு வாசனையை வெளிவிடும். பல இனங்களில் இருபுறமும் சீப்புப் பல்லாகக் கிளைத்திருக்கும் உணர்கொம்புகளால் ஆண் பூச்சி அதை உணர்ந்து, காற்றை எதிர்த்துப் பறந்து வரும். இப்படியொரு வாசனைப் பொருளை முதன்முதலில் 1959-ல் அடையாளம் கண்டவர்கள் ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் பூட்டநாண்ட் குழுவினர். அதற்குச் சுமார் 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகள் தேவைப்பட்டன. இப்போது அந்தந்த இனத்துக்கான வாசனையை ஆய்வகத்திலேயே தயாரித்துப் பொறிக்குள் வைக்கிறோம்.

அமெரிக்காவின் மேற்குக் காடுகளில் டக்ளஸ் ஃபிர் மரங்களைத் தாக்கும் டஸ்ஸக் அந்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்குப் பறக்கும் இறக்கை கிடையாது. தான் வெளிவந்த கூட்டின் மேலேயே உட்கார்ந்து ஆணை அழைக்கும், அங்கேயே முட்டையிடும். ஆணை எண்ணுவதுதான் சுலபம். 1980 வாக்கிலிருந்து அங்கே ஆண்டுதோறும் பொறி வைக்கிறார்கள். பொறிக்குச் சராசரியாக 25 பூச்சிக்கு மேல் விழுந்தால், மரங்களில் முட்டைக் குவியலையும் புழுவையும் தேடிப் பார்க்கக் கிளம்புவார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. வாசனை தூக்கலாக இருந்தால் நிறையப் பூச்சி விழும், அது நல்லதுதானே என்று கேட்பார்கள். பொறியைத் திறந்து பாருங்கள்: ஒட்டும் பசை மேல் பூச்சிகள் படபடத்து, இறக்கைச் செதில் தூள் படர்ந்திருக்கும். அதற்குமேல் வருவது ஒட்டாது. பெருக்கம் இரண்டு மடங்கோ பத்து மடங்கோ, நிரம்பிய பொறி ஒரே கணக்கைத்தான் காட்டும். அதனால் கண்காணிப்புக்கு வாசனையைக் குறைவாக வைப்பதே சரி. பூச்சியை ஒழிக்கவே பொறி வைக்கிறோம் என்று நினைத்தால் இந்த நுணுக்கம் புரியாது. இங்கே நமக்கு வேண்டியது கணக்கு.

அந்தக் கணக்கும் தனியாக நின்றால் பேசாது. ஆண் பூச்சி வேறெங்கிருந்தோ காற்றோடு வந்திருக்கலாம். ஒரே இடம், ஒரே வகைப் பொறி, ஒரே அளவு வாசனை என்று வருடக்கணக்கில் தொடர்ந்தால்தான் எண்ணிக்கை ஏறுகிறதா என்று சொல்ல முடியும். முதல் பூச்சி பறக்கும் முன்பே பொறியைக் கட்டிவிட வேண்டும். ஓர் இனத்தின் வாசனையைத் தொட்ட கையுறையோடு இன்னொன்றைத் தொடக் கூடாது.

அப்புறம், ஒன்றுமே விழாத பொறிக்கும் பதிவேட்டில் 0 என்று எழுதுங்கள். வெறுமனே விட்டுவிட்டால், பூச்சி வரவில்லையா, பொறியே கிளையோடு விழுந்துவிட்டதா என்று அடுத்து வருபவருக்குத் தெரியாது.

நன்றி, வணக்கம்.