பழைய கார்பைனும் அதன் மரக்கட்டையும்

நேயர்களுக்கு வணக்கம். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழிலாளியாக, இருபத்து நான்கு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது உசிலம்பட்டிப் பக்கம் குடியிருப்பவன் நான். சென்ற பங்குனி மாதத்தில், மதுரைக்கு அருகே ஒரு நிறுவனத்தின் காட்சி அறையில் இருக்கும் ராணுவக் கார்பைன், அதாவது குட்டைக் குழல் ரைஃபிள், ஒன்றைப் பார்த்து, அதில் எவை அசல் பாகங்கள், எவை பின்னால் வந்து சேர்ந்தவை என்று எழுதித் தரும்படியும், முடிந்தால் மரக்கட்டையைச் சுத்தம் செய்து தரும்படியும் கேட்டுக்கொண்டார்கள். அந்த வேலையில் கண்டதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கார்பைனின் குழல் அடைக்கப்பட்டு, சுடும் ஊசி எடுக்கப்பட்டு, அதற்கான தாள்களும் முறையாக இருந்தன. உங்கள் வீட்டுப் பரணிலோ தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலோ பழைய துப்பாக்கி ஏதேனும் கிடைத்தால், அதைத் துடைக்கத் தொடங்கும் முன் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பாட்டன் சொத்து என்பதற்காக யாருக்கும் விலக்குத் தருவதில்லை.

நான் பார்த்தது லீ-என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ரைஃபிள் வரிசையில் எண் 5 மார்க் 1. படைவீரர்கள் வாயில் அது ‘ஜங்கிள் கார்பைன்’. எண் 4 என்ற நீள ரைஃபிள் நான்கு கிலோவுக்கும் சற்று மேல் எடை கொண்டது. பர்மாக் காடு போன்ற அடர்ந்த இடங்களில் அதைத் தூக்கிக்கொண்டு நுழைவது சிரமம் என்பதால், குழலைக் குறுக்கி, இரும்பை ஆங்காங்கே குடைந்து, மரத்தைக் குறைத்து, ஏறத்தாழ ஒரு கிலோ எடையைக் கழித்து 1944இல் இதைச் செய்யத் தொடங்கினார்கள். குறி நிலையாக நிற்பதில்லை என்ற புகாருடன் 1947இல் உற்பத்தி நின்றது. ஆயினும் 1948 முதல் 1960 வரை மலாயாவில் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு எதிராக நடந்த அவசரநிலைக் காலத்தில் இது நிறையவே புழங்கியது. மலாயா ரப்பர் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய குடும்பங்கள் நம் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரச் சீமைகளில் ஏராளம் என்பதால், இந்தத் துப்பாக்கியின் பெயரைக் கேட்டதும் அந்தக் காலத்தை நினைத்துக்கொள்ளும் பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கக்கூடும்.

இனி அடையாளம் காணும் வேலைக்கு வருவோம். எண் 4 ரைஃபிளின் குழலை அறுத்து, முனையில் சுடர் மறைக்கும் புனல் ஒன்றை மாட்டி, ஜங்கிள் கார்பைன் என்று விற்ற போலிகள் உலகம் முழுவதும் உண்டு. வெளித்தோற்றத்தை வைத்து அவற்றைக் கண்டுபிடிப்பது கடினம். மரத்தைக் கழற்றினால் ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். அசல் எண் 5இல் குழலின் அடிப்பகுதி, மேல்மூடிக் கட்டைக்குள் மறைந்திருக்கும் தடித்த இடத்தில், எடை குறைப்பதற்காகக் குடையப்பட்டிருக்கும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட் ஓடும் உடற்பகுதியிலும் அதே போன்ற வெட்டுகள் இருக்கும். யாரும் பார்க்காத இடத்தில் அவ்வளவு உழைப்பைப் போலிக்காரன் செலவழிப்பதில்லை. அடுத்து, தூரத்துக்கேற்பக் குறி வைக்க உதவும் பின்குறியைப் பாருங்கள். எண் 5இல் எண்கள் 200 முதல் 800 கெஜம் வரை மட்டுமே இருக்கும். 1300 வரை ஓடினால் அது எண் 4இலிருந்து வந்த தகடு. போல்ட்டின் கைப்பிடிக் குமிழ் பெரும்பாலும் உள்ளே குடையப்பட்டிருக்கும்.

உடலின் இடப்பக்கத்தில் மின்பேனாவால் கீறிய எழுத்து இருக்கிறதா என்று தேடவேண்டும். நான் பார்த்ததில் மாதிரியின் பெயரும், லிவர்பூல் அருகே ஃபசாகர்லியில் இருந்த அரசு ஆலையின் சுருக்கெழுத்தும், 1945ஆம் ஆண்டும் மங்கலாகத் தெரிந்தன. எண் 5 செய்த இன்னோர் இடம் பர்மிங்காம் பக்கத்து ஷெர்லியில் இருந்த பி.எஸ்.ஏ. ஆலை, அதன் போர்க்காலக் குறியீடு எம் 47 சி. உடலில் உள்ள வரிசை எண், போல்ட் கைப்பிடியின் பின்புறத்திலும், குழலைத் தாங்கும் முன்கட்டையின் அடியிலும் திரும்ப வரவேண்டும்.

இந்தக் கார்பைனில் போல்ட்டின் எண் பொருந்தவில்லை. அங்கிருந்தவர்களின் முகம் வாடிவிட்டது. நான் வருத்தப்படவில்லை, ஏனென்றால் போல்ட்டில் பழைய எண் ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, அதன் பக்கத்தில் வேறோர் எண் சீராகக் குத்தப்பட்டிருந்தது. அது விற்பனையாளரின் கை அல்ல, ஆர்மரரின் கை. போல்ட் தேய்ந்தால், பணிமனையில் வேறொன்றை எடுத்து, முன்தலையை அளவு பார்த்துப் பொருத்தி, பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதைக் குத்துவோம். நானே எத்தனையோ ரைஃபிள்களுக்கு அப்படிச் செய்திருக்கிறேன். பொருத்திய போல்ட் பிறகு வேறு ரைஃபிளுக்குப் போவதும் உண்டு. ஆலையிலிருந்து வந்த நாளில் இருந்ததே அசல் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படையில் இருந்தபோது படையின் பணிமனையில் மாற்றிய பாகமும் அந்தத் துப்பாக்கிக்கு அசல்தான். படையை விட்டு வந்தபின், விலை ஏற்றுவதற்காகச் சேர்த்த பாகந்தான் அயல். ஆலையில் முழுப் பழுதுநீக்கம் செய்ததற்கான எஃப்.டி.ஆர். என்ற முத்திரை சிலவற்றில் இருக்கும். அப்படிப்பட்டவற்றின் இரும்பில் கறுப்புப் பெயின்ட் பூசியிருந்தால் அதுவும் அந்தக் காலத்து வேலையே. அழுக்கென்று நினைத்துச் சுரண்டிவிடாதீர்கள்.

யாருடைய கை, எப்போது பட்டது என்ற அந்தக் கேள்விக்கு இரும்பைவிட மரமே அதிகம் பதில் சொல்கிறது. அங்கேதான் எனக்கு வேதனை காத்திருந்தது. காட்சி அறையைப் புதுப்பித்தபோது, மேசை நாற்காலிகளுக்குப் பாலிஷ் போட வந்தவரிடம் இந்தக் கட்டையையும் கொடுத்திருக்கிறார்கள். அவரும் தம் தொழிலில் குறை வைக்காமல், உப்புத்தாள் தேய்த்து, அரக்குப் பாலிஷை மூன்று நான்கு கை ஏற்றி, கல்யாண மண்டபத்துக் கதவைப் போல மினுங்க வைத்துவிட்டார். நல்லவேளையாக அவர் உப்புத்தாளைத் தோளில் பதியும் அடிக்கட்டையோடு நிறுத்திக்கொண்டார். முன்கட்டைக்குப் பாலிஷ் மட்டுமே கிடைத்தது.

அவரைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. வேலையில் சேர்ந்த புதிதில், அணிவகுப்புக்காக ஒரு ரைஃபிளின் அடிக்கட்டையை அழகாக்குவதாக எண்ணி, உடைந்த கண்ணாடிச் சில்லால் முழுவதும் சீவிவிட்டேன். மரம் பளிச்சென்று வந்தது, அதன் பக்கவாட்டில் இருந்த வட்ட முத்திரை போயே போய்விட்டது. என் ஹவில்தார் திட்டவில்லை. முத்திரை இருந்த இடத்தில் என் விரலைப் பிடித்து வைத்துத் தடவச் சொன்னார், அவ்வளவுதான். இன்றும் மரக்கட்டையைத் தொட்டால் அந்த இடத்துக்கே விரல் போகிறது.

கழற்றும்போதும் கவனம் வேண்டும். எண் 5இல் அடிக்கட்டைத் திருகு தொல்லை தராது. ஆனால் மேற்கு வங்கத்து இஷாப்பூர் ஆலையில் செய்த பழைய எண் 1 ரைஃபிளாக இருந்தால், முன்கட்டையை எடுக்காமல் அடிக்கட்டையின் உள்திருகைத் திருப்பவே கூடாது. அந்தத் திருகின் சதுர முனை முன்கட்டைக்குள் இருக்கும் தகட்டில் சிக்கியிருப்பதால், திருப்பியதும் மரம் பிளந்துவிடும். விரிசல் விட்ட எண் 1 முன்கட்டையைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

அரக்கை எடுப்பதற்கு முன், அது அரக்குத்தானா என்று பார்க்க, அடிக்கட்டையின் முடிவில் உள்ள ரப்பர் அடித்தகட்டுக்குக் கீழே, வெளியில் தெரியாத இடத்தில், பாலிஷ்காரர்கள் பயன்படுத்தும் ஸ்பிரிட்டை ஒரு துளி வைத்தேன். சற்று நேரத்தில் அந்த இடம் பிசுபிசுத்தது, ஆகவே அரக்கு. ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும். மரத்துக்குள் பல்லாண்டுகளாக இறங்கி இறுகிப்போன ஆளிவிதை எண்ணெயை அவ்வளவு எளிதில் தொடாது. பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்துப் பிழிந்து, உள்ளங்கை அகல இடமாக எடுத்துத் துடைத்தேன். துணி முதலில் தேன் நிறமாகவும், பிறகு வெளிறிய மஞ்சளாகவும் வந்தது. மஞ்சள் நின்று பழுப்பு தலைகாட்டியதும் கையை எடுத்துவிட்டேன், ஏனென்றால் அந்தப் பழுப்பு அழுக்கன்று. எண்ணெயும், கை வியர்வையும், காலமும் சேர்ந்து மரத்துக்குக் கொடுத்த தோல் அது. எங்கும் உப்புத்தாளோ எஃகு நாரோ பயன்படுத்தவில்லை. முத்திரைகளின் பள்ளங்களில் இருந்த அரக்கை மூங்கில் குச்சியின் முனையைத் தட்டையாக்கி மெல்லத் தள்ளி எடுத்தேன். அதற்கு மட்டும் இரண்டு பிற்பகல்கள் ஆயின.

பள்ளங்களை எழுப்ப ஈரத்துணி வைத்து இஸ்திரிப்பெட்டியால் ஒற்றும் வழக்கம் தச்சர்களிடம் உண்டு. அது வேலை செய்யும்; நசுங்கிய நார் நீரை உறிஞ்சி எழும்பும். ஆனால் முத்திரை என்பதும் நசுங்கிய நார்தானே? பள்ளம் எழும்பினால் முத்திரையும் எழும்பிவிடும். ஆகவே அதை நான் தொடவில்லை.

அரக்குப் போனபின் தெரிந்தவை சில. அடிக்கட்டை அக்ரூட் மரம். முன்கட்டை பீச் மரம், அதற்கே உரிய சின்னச் சின்னக் கபிலக் கீற்றுகளோடு. போர்க்காலத்தில் கிடைத்த மரத்தில் செய்ததால் இப்படிக் கலந்து வருவது இயல்பு. முன்கட்டையின் உட்புறத்தில், உதைப்பு தாங்கும் இடத்தில், விரல் நகம் அளவுக்கு ஒரு ஒட்டுத்துண்டு, நாரின் ஓட்டத்தோடு பொருத்திச் செருகி, ஆணிகூட இல்லாமல் மரமுளையால் இறுக்கப்பட்டிருந்தது. அதைச் செய்தவர் யார் என்று தெரியாது. கை சுத்தமான ஆள் என்று மட்டும் தெரிகிறது. உப்புத்தாள் படாத முன்கட்டையின் அடியில், அறையின் சன்னல்களைச் சாத்தி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, உடலில் உள்ள அதே எண் நிழலும் ஒளியுமாக எழுந்து வந்தது.

எண்ணெய் குறித்து ஒரு வார்த்தை. படையில் நாங்கள் பச்சை ஆளி எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் தேய்ப்போம். காட்சிப் பொருளுக்கு அது வேண்டாம் என்பது என் முடிவு. ஆண்டுக்காண்டு ஏற்றினால் மரம் கறுத்துக்கொண்டே போகும். மிக மெல்லிய மெழுகுப் பூச்சே போதும். வீட்டு நாற்காலிக்கு ஆளி எண்ணெய் தேய்ப்பவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கிறது. சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தங்கித் தானாகவே தீப்பிடிக்கும். அதுவும் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் சொல்லவே வேண்டாம். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

அடித்தகட்டு ரப்பர் இறுகி வெடித்திருக்கிறது. புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்தலாமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். பெட்டிக்குள் வைக்கும் அட்டையில், போல்ட் பணிமனையில் மாற்றப்பட்டது, அடிக்கட்டை அண்மையில் தேய்க்கப்பட்டது, முன்கட்டையும் ரப்பரும் பழையவை என்று எழுதிக்கொடுத்தேன். ஐப்பசி மழை கழிந்ததும், ஈரத்தில் மரம் உப்பியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு முறை போகவேண்டும். நன்றி, வணக்கம்.