துரு பிடிக்கும், களிம்பு ஏறும், மரம் உளுக்கும்

வணக்கம் நேயர்களே.

வாசல் கம்பிக் கதவில் துரு பிடிக்கிறது. பித்தளை அண்டாவில் களிம்பு ஏறுகிறது. ஊறுகாயில் பூசணம் பூக்கிறது, சுவரில் உப்புப் பூக்கிறது. பிடிப்பது, ஏறுவது, பூப்பது எல்லாமே ஏதோ மேலே வந்து ஒட்டிக்கொண்டது என்கிற பேச்சு. இன்னொரு வரிசை இருக்கிறது. கிணற்றுக் கயிறு இற்றுப்போகிறது, சருகு மக்கிப்போகிறது, உத்தரம் உளுத்துப்போகிறது. இங்கே பொருளே போய்விட்டது. பள்ளிப் பாடத்தில் வரும் ஆக்சிஜனேற்றம், அரிமானம் ஆகிய சொற்கள் இதில் பாதியைத்தான் தொடும். எந்தச் சொல்லைச் சொல்கிறோமோ அதை ஒட்டித்தான் வைத்தியமும் பார்க்கிறோம் என்பதால், சொல் தவறினால் காசும் தவறுகிறது.

இரும்பு விஷயத்தில் நம் பேச்சே நம்மை ஏமாற்றுகிறது. துரு 'பிடிக்கிறது' என்பதால் அதைத் தூசி மாதிரி நினைத்து மேலேயே பெயின்ட் அடிக்கிறார்கள். அந்தச் செம்பொடி வெளியிலிருந்து வந்ததல்ல, இரும்புதான் அப்படி ஆகிவிட்டது. காற்றில் உள்ள ஆக்சிஜன், ஈரம் இரண்டும் சேர வேண்டும்; ஒன்று குறைந்தாலும் துரு இல்லை. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். துரு இறுக்கமான தோல் அல்ல, உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே தெரியும், அதுவும் துருவாகும். அதனால் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியத் தேய்த்து, ஈரம் காய்ந்ததும் பிரைமர் பூசி, அதற்குப் பிறகுதான் பெயின்ட்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு வேறு கணக்கு. சிமென்ட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய காப்புப் படலம் கட்டி வைக்கும். காலப்போக்கில் காற்றின் கரியமில வாயு உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் படலம் இன்னும் சீக்கிரம் உடையும். துரு, தான் தின்ற இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கத்தில்தான் சன்ஷேடின் அடிப்பக்கம் வெடித்துப் பெயர்ந்து விழுகிறது. தளத்துக்கு 20 மில்லிமீட்டர், தூணுக்கு 40 மில்லிமீட்டர் கான்கிரீட் கம்பிக்கு வெளியே இருக்க வேண்டும். அந்த இடைவெளிக்காகக் கம்பியைத் தாங்கி நிற்க வைக்கும் சின்னக் கட்டைதான் கவர் பிளாக். அதை வைக்காமல் ஜல்லித் துண்டை முட்டுக் கொடுப்பதும், கட்டிய கம்பியை மிதித்துக்கொண்டு கலவை கொட்டுவதும் அன்றைக்குத் தெரியாது, பத்துப் பதினைந்து வருஷத்தில் தெரியும். பழுது பார்க்கும்போது வெடித்த இடத்தில் மட்டும் சிமென்ட் பூசினால் அடுத்த மழைக்குள் அதுவும் விழும். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு கொத்தி, கம்பியைச் சுற்றிலும் துரு போகத் தேய்த்துவிட்டுத்தான் மேல்வேலை. கம்பி இளைத்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும்.

களிம்பு என்பது செம்புக்கும் பித்தளைக்கும் உரிய சொல். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு, அதாவது உயிரை மறைத்து நிற்கும் அழுக்குக்கு, 'செம்பில் களிம்பு' என்று உவமை சொல்வார்கள், கூடவே பிறந்தது என்ற பொருளில். அடுக்களையில் களிம்பு புளியோடு வருகிறது. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்போ மோரோ வைத்தால் புளிப்பு செம்பைக் கரைக்கும். குழம்பு கசக்கும், குமட்டும். விளக்கைத் துலக்கவும் அதே புளிதான் உதவுகிறது, ஆனால் தேய்த்தவுடன் கழுவித் துடைக்க வேண்டும். ஊற வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் பித்தளையில் உள்ள துத்தநாகம் வெளியேறி, சிவப்புத் திட்டு விழும்.

தெருவில் கூவிக்கொண்டு வந்த ஈயம் பூசுபவர் செய்ததும் ரசாயனம்தான். பாத்திரத்தைத் துலக்கி, அடுப்பில் சுட வைத்து, நவச்சாரப் பொடியை, அதாவது அம்மோனியம் குளோரைடைத் தூவுவார். புகை எழும், அதுதான் மேலே இருக்கும் ஆக்சைடைக் கழற்றுகிறது. உடனே ஈயத்தைத் தொட்டு உருக்கிப் பஞ்சால் சுற்றித் தேய்ப்பார். நவச்சாரம் போதாவிட்டால் ஈயம் பரவாமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். சூடு மிஞ்சினால் மஞ்சள் பாயும். இது வெள்ளீயம், 232 டிகிரி செல்சியஸில் உருகுவது. காரீயம் வேறு, விஷம். வெள்ளைத் தாளில் தேய்த்துக் கறுப்புக் கோடு விழுந்தால் அதில் காரீயம் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

வெள்ளி கறுப்பதற்குக் காரணம் காற்றில் உள்ள கந்தக வாயு. எலக்ட்ரானை இழப்பது என்ற கணக்கில் அதுவும் ஆக்சிஜனேற்றம்தான், ஆனால் வெள்ளியோடு சேர்வது ஆக்சிஜன் அல்ல, கந்தகம்! அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் கொலுசை அந்தத் தாளைத் தொடும்படி போட்டு, வெந்நீரும் சோடா உப்பும் சேர்த்தால் கறுப்பு தேயாமலே போகும். கல் பதித்த நகையை இதில் போடக்கூடாது. தங்கத்துக்கு இந்தக் கவலை கிடையாது. கீழடி அகழாய்வில் இரும்பும் கிடைத்தது, பொன்னும் கிடைத்தது. துரு இரும்புக்கு மட்டும்.

சாப்பாட்டுக்கு வந்தால் சொற்கள் இன்னும் கறாராகப் பிரியும். சமைத்தது ஊசிப்போகும், பச்சைக் காய் அழுகும், பால் திரியும், முறுக்கு நமுத்துப்போகும். தேங்காய் எண்ணெயில் வரும் சிக்கு வாடை மட்டும் இரும்பின் துருவுக்கு உறவு. அங்கேயும் வேலை பார்ப்பது ஆக்சிஜன்தான். எனவே எண்ணெய் ஜாடியைப் பாதி காலியாக நெடுநாள் வைக்காமல் சின்ன பாட்டிலுக்கு மாற்றி, வெயில் படாமல் வையுங்கள்.

கடைசியாக மரம். உளுத்ததும் மக்கியதும் ஒன்றல்ல. உத்தரத்தின் கீழே மாவு மாதிரிப் பொடி விழுந்தால் அது உளுப்பு, உள்ளே வண்டு இருக்கிறது. பொடியைக் கூட்டித் தள்ளிவிட்டு இரண்டு வாரம் பாருங்கள். திரும்பக் கொட்டினால் வண்டு உயிரோடு இருக்கிறது, ஓட்டைகளில் மருந்து ஏற்ற வேண்டும். மரம் கறுத்து, ஸ்குரூ டிரைவர் முனை கேக்கில் இறங்குவது போல இறங்கினால் அது மக்கல், பூஞ்சையின் வேலை. அதற்கு வண்டு மருந்து பலிக்காது. முதலில் மேலே ஏறி எந்த ஓடு ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும்.