மூலையில் இருக்கும் ந.க. எண்

(கோத்தகிரியில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, நண்பர்களே,

மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலைக் காக்க வழி சொன்ன, மாதவ் காட்கில் தலைமையிலான காட்கில் குழுவின் பேச்சு கிளம்பியது நம்ம கோத்தகிரியில்தான். 2010 பிப்ரவரியில் இங்கே நடந்த கூட்டத்துக்கு அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் வந்திருந்தார். அடுத்த மாதமே குழு அமைந்தது. 2011 ஆகஸ்டில் அறிக்கையைக் கொடுத்துவிட்டார்கள். சரி, நம் மலையைப் பற்றிய அறிக்கை நம் கைக்கு வந்ததா? அமைச்சகம் வெளியிடவே இல்லை. கேரளத்துக்காரர் ஒருவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டார், மறுத்தார்கள். கொடுக்கச் சொல்லி மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டது. அமைச்சகம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 2012 மே மாதம்தான் இணையத்தில் ஏறியது.

இது கேட்டு வாங்கிய ஆவணம். முழுசாக வந்தது. அதனால்தான் இன்றும் அதை வரி வரியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, பிடித்தவரும் பிடிக்காதவரும் சண்டை போட முடிகிறது.

கசிகிற ஆவணம் அப்படி வருவதில்லை. வியட்நாம் போர் பற்றி அமெரிக்க அரசு எழுதி வைத்திருந்த ரகசிய வரலாற்றை, அதில் வேலை செய்த ஆய்வாளர் டேனியல் எல்ஸ்பர்க் 1971இல் பத்திரிகைக்குக் கொடுத்தபோது, சமாதானப் பேச்சு தொடர்பான தொகுதிகளைத் தராமல் நிறுத்திக்கொண்டார். அவருக்கு நியாயமான காரணம் இருந்தது. 2011இல் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் சுமார் 7,000 பக்கங்களையும் வெளியிட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அன்றுதான் முதன்முறையாக வெளிச்சத்துக்கு வந்தது. நடுவில் 40 வருடம், உலகம் மிச்சத்தை வைத்துத்தான் அந்தப் போரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

அரசுகளின் பிடிவாதம் இன்னொரு பக்கம். 2010 கடைசியில் விக்கிலீக்ஸ் அமெரிக்கத் தூதரகக் கடிதங்களை வெளியிட்டதும், அவை இன்னும் ரகசியம்தான் என்று சொல்லி அந்நாட்டு நாடாளுமன்ற நூலகமே தன் கணினிகளில் அந்தத் தளத்தை அடைத்தது. நூலகம்! நாமும் சளைத்தவர்களா? 1962 சீனப் போர் பற்றி நம் ராணுவமே விசாரித்து எழுதிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையின் ஒரு பகுதியை 2014இல் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் இணையத்தில் போட்டார். அதன் பிறகும் அரசு அதை வெளியிடவில்லை. ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில், பத்திரிகையில் வந்த ஆவணங்கள் திருட்டுப் போனவை, பார்க்கவே கூடாது என்றது அரசு. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தைத் தள்ளியது.

கசியவிடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. 1923ஆம் வருட அலுவல் ரகசியச் சட்டம் கொடுத்தவரை மட்டுமில்லை, வாங்கியவரையும் பிடிக்கும். துணிந்துதான் செய்கிறார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் வருகிற ஒற்றைத் தாளில் முடிவு மட்டும்தான் இருக்கும். எழுத்தர் என்ன எழுதி மேலே அனுப்பினார், எந்த அதிகாரி மறுத்தார், யார் ஓரத்தில் 'பேசவும்' என்று எழுதித் திருப்பினார், இதெல்லாம் குறிப்புத் தாளில் இருக்கிறது. பழைய காகிதம் ஒன்றுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைகிற கூடலூர் பிரிவு 17 நிலக்காரர்களுக்கு (ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வருகிற நிலம்) இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ரகசிய முத்திரையைவிடப் பயம் தருவது வேறு. நம் அலுவலகங்களில் கோப்பை முடிக்கும்போது ஓ.மு., மூ.மு., ப.மு. என்று போடுவார்கள். ஒரு வருடம், மூன்று வருடம், பத்து வருடம் வைத்திருந்தால் போதும் என்று அர்த்தம். நிரந்தரமாக வைக்க வேண்டியது தனி. நிரந்தரமாக இருக்க வேண்டிய கோப்பில் ஓ.மு. என்று போட்டுவிட்டால் ரகசியச் சட்டமே தேவையில்லை. வருடம் முடிந்ததும் எரித்துவிடலாம், விதிப்படியே. அந்தக் கோப்பு கசியவும் கசியாது.

அதனால் வாட்ஸ்அப்பில் அப்படி ஒற்றைத் தாள் உங்கள் கைக்கு வந்தால், பார்வேர்டு செய்யும் முன் மூலையில் இருக்கும் ந.க. எண்ணை, அதாவது அந்தக் கோப்பின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் போட்டு, முழுக் கோப்பையும் குறிப்புத் தாளோடு நேரில் பார்வையிட வேண்டும் என்று மனுப் போடுங்கள். பார்வையிடவும் குறிப்பெடுக்கவும் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. கோப்புகளுக்கு அட்டவணை வைத்திருப்பதும் அதே சட்டப்படி அவர்கள் கடமை. 'கோப்பு கிடைக்கவில்லை' என்று பதில் வந்தால் விடாதீர்கள். எந்தத் தேதியில், யார் உத்தரவில் அழித்தார்கள் என்ற பதிவின் நகலைக் கேளுங்கள். அழிக்கவில்லை என்றால் எங்கே என்று கேளுங்கள்.

மனு எழுதிப் பழக்கமில்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்திருக்கிறேன்.