கடற்காற்று குடித்த போர்டு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற அந்த வாரமே உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்டது, "காசிக்கு எப்பப் போறீங்க?" என்றுதான். ராமேஸ்வரத்து மணலை எடுத்துக்கொண்டு காசிக்குப் போனேன், கங்கை நீரோடு திரும்பினேன். அந்தக் கடமை முடிந்தது. அதற்குப் பிறகு நான் போனதெல்லாம் கேரம் போர்டு இருக்கிற ஊர்களுக்கு. தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மண்டபம், பாம்பன். ஆறு வருஷமாக இந்த ராமநாதபுரம் கரையோரம்தான் என் யாத்திரை.

ஏன் ஊர் ஊராகப் போக வேண்டும், வீட்டுத் திண்ணையில் ஆடக்கூடாதா என்று கேட்கிறீர்கள். திண்ணையில் அதே நாலு பேர். யார் எந்தக் காயைக் கட் அடிப்பார், யார் ரெட் என்கிற சிவப்புக் காயைப் பார்த்ததும் பதறுவார் என்று எனக்கு மனப்பாடம். தெரியாத ஆளுக்கு எதிரே உட்காரும்போதுதான் மூளை விழிக்கிறது.

பாம்பனில் முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். மீன் பெட்டிகளை அடுக்கி, மேலே போர்டு. எதிரே வலை பின்னுகிற ஒரு தம்பி. நான் ஓங்கி அடித்தேன். காய் பாதி தூரத்தில் நின்றுவிட்டது. மறுபடி அடித்தேன், காயை அடிக்கிற வட்டு, அதுதான் ஸ்ட்ரைக்கர், குழிக்குள் போய் ஃபைன். அந்தத் தம்பி பவுடரை விரலால் தொட்டுக் காட்டினான். பிசைந்த மாவு மாதிரி பிசுபிசுத்தது. "ஐயா, இது கடக் காத்து குடிச்ச போர்டு. ஓங்கி அடிச்சா கேக்காது. தள்ளி விடுங்க" என்றான். அவன் ஆள்காட்டி விரலில் நைலான் நூல் அறுத்த தழும்பு குறுக்கும் நெடுக்குமாக இருந்தது. அந்த விரலால் ஸ்ட்ரைக்கரைத் தொட்டால், தொட்டதே தெரியாது. காய் மட்டும் போய் விழும். ரெட் காயைப் போட்டு, அதை உறுதி செய்கிற அடுத்த காயான ஃபாலோவும் போட்டு, ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்தான். மூன்று ஆட்டமும் தோற்றேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, அத்தனை சந்தோஷம்.

ஒட்டுப்பலகை ஈரத்தை இழுக்கும். போர்டுக்கு மேலே தொங்குகிற பல்பின் சூடு அதைக் காய வைக்கும். பல்பு வெளிச்சத்துக்கு மட்டும்தான் என்று நானும் நினைத்திருந்தேன். கீழக்கரையில் ஒரு பெரியவர் இன்னும் பழைய குண்டு பல்பைத் தேடி வாங்குகிறார். எல்இடி வெளிச்சம் தரும், சூடு தராது, போர்டு காயாது என்பது அவர் கணக்கு. ஆட்டம் தொடங்க அரைமணி முன்பே பல்பைப் போட்டுவிடுவார்.

இது சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் பிறந்தது நம் சென்னையில். கேரம் வீரர் மரிய இருதயம் 1996-ல் அர்ஜுனா விருது வாங்கியது இந்த ஆட்டத்துக்கு. 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். ஒரு ஆட்டம் என்பது 25 பாயிண்ட், இல்லையென்றால் 8 போர்டு, அதாவது எட்டுச் சுற்று. அதற்குள் ஒரு மனுஷனின் பொறுமை முழுவதும் வெளியே வந்துவிடும்.

செலவு பஸ் காசும் சாப்பாடும்தான். முதுகுவலிக்காரர்கள் தலையணை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், மாத்திரையை மறக்காதீர்கள். ராமேஸ்வரத்துக்கு ரயிலும் இருக்கிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்தது.

எப்போது போவது என்பதுதான் முக்கியம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் படகுகள் கரையில் நிற்கும், போர்டைச் சுற்றிக் கூட்டம் சேரும். ஆனால் அந்த நாளில் பவுடர் நனைந்த சுண்ணாம்பாகிவிடும், நல்ல ஆட்டம் கிடைக்காது. என்னைக் கேட்டால் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீனவர்களுக்கு வருமானம் இல்லாத நாட்கள் அவை; அதை மறந்துவிட்டு விருந்தாளி மாதிரிப் போய் உட்காரக்கூடாது. டீயும் பவுடரும் நம் செலவாக இருக்கட்டும். வெயில் கொளுத்தும், போர்டு காய்ந்து கண்ணாடியாக ஓடும். அந்தத் தம்பியும் கரையில் இருப்பான்.

ஏப்ரல் 16 காலை நான் பாம்பன் பஸ்ஸில் இருப்பேன். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். ஸ்ட்ரைக்கர் மட்டும் அவரவர் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும்.